விரிசலின் கணக்கு



பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி எடுத்த ரப்பர் வார் நம் வீடுகளில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். பால் வாளியைச் சைக்கிள் கேரியரில் இறுக்கிக் கட்ட அதைவிட நல்ல கயிறு கிடையாது. இரண்டு பங்கு, மூன்று பங்கு இழுத்தாலும் அறாது. ஆனால் அதே வாரின் ஓரத்தில் வெட்டு உளியின் முனை பட்டு ஒரு சிறு கீறல் விழுந்துவிட்டால் என்ன ஆகிறது? அடுத்த இழுப்பிலேயே கீறல் விழுந்த இடத்தில் அறுந்து கையோடு வந்துவிடுகிறது.

துணிக்கடைக்காரர் செய்வதையும் பார்த்திருப்பீர்கள். துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போடுகிறார். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் கிழிக்கிறார். அந்தச் சிறு வெட்டு இல்லாவிட்டால் ஒரு பயில்வானாலும் அந்தத் துணியைக் கிழிக்க முடியாது.

ஒரு பொருள் எப்போது உடைகிறது, ஏன் உடைகிறது என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் செய்தி. இது பொறியியல் வல்லுநர்களின் கவலைதானே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்களின் இடுப்பு எலும்பும் இந்தக் கணக்குக்குள் அடங்கியதுதான்.

எங்கள் தாயார் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை. பாதி செம்பனையாகவும் பாதி வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டது. மேட்டிலும் பள்ளத்திலும் வாளி சுமந்த அந்த உடம்பு, அறுபத்தெட்டாம் வயதில் குளியலறை வாசலில் வழுக்கி உட்கார்ந்தது. அவ்வளவுதான். எழுந்திருக்க முடியவில்லை. சுளுக்காக இருக்கும் என்று நாங்கள் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருப்பது தெரிந்தது. படித்த நாங்களே செய்த தவறு அது. இன்றும் மனத்தை உறுத்துகிறது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் அவர் சொன்னார்: "நான் விழுந்து எலும்பு ஒடிஞ்சிச்சா, ஒடிஞ்சதால விழுந்தேனான்னு தெரியலப்பா." படிக்காத தாயார் கேட்ட அந்தக் கேள்வியை உலகின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

முதலில் விரிசலின் கணக்கைப் பார்ப்போம். 1920ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிரிஃபித் என்ற இளம் பொறியாளர் கண்ணாடி உடைவதை ஆராய்ந்தார். கண்ணாடியின் அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பலத்தைக் கணக்கிட்டால் அது மிக வலுவாக இருக்க வேண்டும். ஆனால் உண்மையில் அதில் மிகச் சிறு பங்கு விசைக்கே உடைந்துபோகிறது. காரணம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல்கள் என்று அவர் கண்டார். விரிசல் எப்போது ஓடும் என்பதற்கு அவர் சொன்ன விளக்கம், கிராணி எழுதும் வரவு செலவுக் கணக்கைப் போன்றது.

இழுத்துப் பிடித்த வாரில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. விரிசல் சிறிது முன்னேறினால் அதன் இரு பக்கமும் உள்ள பகுதி தளர்கிறது. சேர்ந்திருந்த ஆற்றல் கொஞ்சம் வெளிப்படுகிறது. இது வரவு. ஆனால் விரிசல் முன்னேற வேண்டுமானால் பற்றியிருந்த பொருளைப் பிரித்துப் புதிய பரப்பை உண்டாக்க வேண்டும். அதற்கு ஆற்றல் தேவை. இது செலவு. வரவைவிடச் செலவு அதிகமாக இருக்கும்வரை விரிசல் நின்ற இடத்திலேயே நிற்கும். வரவு செலவை மிஞ்சிய மறுகணம் அது ஓடத் தொடங்கும். விரிசல் நீளமாக நீளமாக வரவும் கூடுகிறது. அதனால்தான் சிறு கீறல் பல காலம் சும்மா இருக்கிறது. ஒரு அளவைத் தாண்டியதும் ஒரே நொடியில் எல்லாவற்றையும் முறித்துவிடுகிறது.

கிரிஃபித்தின் கணக்கு கண்ணாடிக்குப் பொருந்தியது. ரப்பருக்குப் பொருந்துமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

ரப்பர் நம் பேராக்கில் வேரூன்றிய வரலாறு நீங்கள் அறிந்ததே. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்க காலத்து மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பின்னர் ரப்பர் பெருகியது. அதை வெட்ட நம் பாட்டன் பாட்டிகள் கப்பலேறி வந்தார்கள். ஏற்றுமதியான ரப்பரின் மீது ஒரு சிறு தீர்வை விதிக்கப்பட்டு, அந்தப் பணம் ஆராய்ச்சிக்குச் சென்றது. அதைக் கொண்டு 1938இல் இங்கிலாந்தில் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னாளில் அது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் என்று பெயர் மாறியது. ஹெர்ட்ஃபோர்ட் நகரை அடுத்த பிரிக்கெண்டன்பரிக்கு 1974இல் இடம் மாறியது. இன்று துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் இயங்குகிறது.

அந்தக் கூடத்தில்தான் ரிவ்லின், தாமஸ் என்ற இரு அறிவியலார் ரப்பர் கிழிவதை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்றை நம் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஒரு ரப்பர் பட்டையை நடுவில் பாதிவரை வெட்டினால் அது கால்சட்டை போல இரண்டு கால்களுடன் நிற்கும். இரண்டு கால்களையும் எதிரெதிரே இழுத்தால் வெட்டு மேலேறிக் கிழிகிறது. கால்சட்டை வடிவமானாலும், அகலமான தகடானாலும், வேறு எந்த வடிவமானாலும், கிழிப்பதற்கு ஆகும் ஆற்றலைக் கிழிந்த பரப்பால் வகுத்தால் ஒரே அளவு கிடைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதாவது அது வடிவத்தின் குணமல்ல, பொருளின் குணம். கிரிஃபித்தின் வரவு செலவுக் கணக்கு ரப்பருக்கும் செல்லும் என்று உறுதியாயிற்று.

இயற்கை ரப்பருக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. விரிசலின் முனையில் ரப்பர் மிக அதிகமாக இழுபடுகிறது. அப்படி இழுபடும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசையாக அடுக்கிப் படிகம் போல் இறுகிக்கொள்கின்றன. விரிசல் எந்த இடத்தில் தாக்குகிறதோ அந்த இடமே கெட்டியாகிவிடுகிறது. செலவு கூடுகிறது, விரிசல் திணறி நிற்கிறது. செயற்கை ரப்பர் பல வகை வந்த பிறகும் விமானச் சக்கரங்களுக்கும் கனரக லாரிச் சக்கரங்களுக்கும் இயற்கை ரப்பரை நாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி எலும்புக்கு வருவோம். எலும்பைக் கல்லென்று நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு பொருள்களின் கூட்டு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் கலந்த தாதுப்பொருள். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். சமைத்த கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து வினிகரில் சில நாள் ஊற வையுங்கள். தாதுப்பொருள் கரைந்து, எலும்பு ரப்பர் போல வளையும். இன்னொரு எலும்பை அடுப்புத் தணலில் நன்றாக எரித்தால் நார் எரிந்துபோகும். வடிவம் அப்படியே இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியாகும். தாது கெட்டித்தன்மையைத் தருகிறது, நார் முறியாத தன்மையைத் தருகிறது. சுவருக்குச் சிமெண்டும் கம்பியும் போல இரண்டும் வேண்டும்.

நாம் நடக்கும்போதும் சுமக்கும்போதும் எலும்பில் நுண்விரிசல்கள் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. இதைப் பொருளின் அயர்ச்சி என்பார்கள். மங்கு மாட்டும் கம்பியை ஒடிக்க வெட்டுக்கருவி தேவையில்லை. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் தானே ஒடியும். ஒரு முறை வளைத்தால் ஒடியாத கம்பி பல முறை வளைத்தால் ஏன் ஒடிகிறது? ஒவ்வொரு வளைவிலும் விரிசல் ஒரு சிறிது நகர்கிறது. 1954இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் வானில் உடைந்து விழுந்ததற்கும், உடற்கூட்டில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலையில் தொடங்கிய இந்த அயர்ச்சி விரிசலே காரணம் என்று கண்டார்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977இல் பட்டம் பெற்ற சுப்ரா சுரேஷ் என்பவர், பொருள்களின் அயர்ச்சி பற்றி 1991இல் எழுதிய நூல் உலகெங்கும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாகியது. அவர் பின்னாளில் 2018 முதல் 2022 வரை நம் அண்டை நாடான சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். மலேரியா பிடித்த சிவப்பணு எவ்வளவு விறைத்துப்போகிறது என்பதையும் அவர் குழுவினர் அளந்தார்கள். மலேரியாவால் எத்தனையோ பேரை இழந்த தோட்ட மக்களுக்கு இதுவும் அந்நியமான செய்தியல்ல.

கம்பிக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கம்பி தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளாது. எலும்பு பார்த்துக்கொள்ளும். விரிசல் விழுந்த பகுதியை ஒருவகை உயிரணுக்கள் அரித்து அகற்ற, இன்னொருவகை உயிரணுக்கள் அங்கே புதிய எலும்பைக் கட்டுகின்றன. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. இளமையில் இடிப்பும் கட்டுவதும் சமமாக நடக்கும். வயதாகும்போது, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு, இடிக்கும் வேலை வேகமாகவும் கட்டும் வேலை மெதுவாகவும் நடக்கிறது. எலும்பின் உட்புறத்துச் சிறு தூண்கள் மெலிந்து அறுகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, வலியும் இருக்காது. இதுவே எலும்பு மெலிவு நோய்.

ஒருவருடைய எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதை உடைக்காமலே அறிவது எப்படி? இங்கேதான் கணினி உதவிக்கு வருகிறது.

பெரிய தோட்டத்தின் விளைச்சலை ஒரே பார்வையில் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்தைப் பிரிவு பிரிவாகவும், பிரிவை நிரை நிரையாகவும் பகுத்து ஒவ்வொன்றின் கணக்கையும் கூட்டினால் மொத்தம் தெரிந்துவிடும். பொறியாளர்களும் அப்படியே செய்கிறார்கள். சிக்கலான வடிவமுள்ள பொருளை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகக் கணினிக்குள் பிரிக்கிறார்கள். ஒரு கூறு தன் பக்கத்துக் கூறை எவ்வளவு தள்ளுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்பது எளிய கணக்கு. எளிய கணக்குகள் ஆயிரமாயிரம் சேரும்போது மனிதக் கையால் ஆகாது, கணினியால் ஆகும். இந்தச் சிறுகூறு முறைக்கு 1960இல் பெயர் வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் கிளஃப். விமான இறக்கைக்கும் அணைக்கட்டுக்கும் போட்ட இந்தக் கணக்கை 1972இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மனிதத் தொடை எலும்புக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கருவியும் பிறந்தது. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அதற்காக 1979இல் அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெண்மையும் அந்த இடத்தில் எலும்பு எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்கிறது. அடர்த்தி தெரிந்தால் அந்தக் கூறின் கெட்டித்தன்மையைக் கணிக்கலாம். ஆக, கணினிக்குள் இருப்பது பாடநூல் படத்து எலும்பு அல்ல. இன்னாருடைய எலும்பு என்று சொல்லத்தக்க எலும்பு. அதைக் கணினிக்குள்ளேயே பக்கவாட்டில் விழச் செய்து, எங்கே முறியும் என்று பார்க்கலாம்.

முறிவை எப்படிக் கணக்கில் எழுதுகிறார்கள்? நூறு இழைகள் கொண்ட ஒரு கயிற்றை எண்ணிப் பாருங்கள். இருபது இழை அறுந்துவிட்டால் சேதம் நூற்றில் இருபது. அறுந்தவை சுமந்த பாரம் மீதி எண்பதின் தலையில் ஏறுகிறது. அவை முன்னிலும் விரைவாக அறுகின்றன. இவ்வாறு ஒவ்வொரு கூறுக்கும் சுழியம் முதல் ஒன்று வரை ஒரு சேத எண் கொடுக்கும் எண்ணத்தை 1958இல் கச்சனோவ் என்ற ரஷ்ய அறிவியலார் தந்தார். சுழியம் என்றால் முழுமை. ஒன்று என்றால் முற்றிலும் அற்றுவிட்டது. முன்னெல்லாம் கணினி விரிசல் கூறுகளின் ஓரமாகத்தான் போக முடிந்தது. 1999இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் தந்த வழியில், விரிசல் கூறின் ஊடாகவும் வெட்டிச் செல்லலாம்.

இப்போது ஒரு வியப்பைச் சொல்கிறோம். ஒருவர் விழும்போது எலும்பு மட்டும் தரையில் மோதுவதில்லை. இடுப்பைச் சுற்றியுள்ள சதையும் கொழுப்பும் மெத்தை போல் நின்று அடியைக் குறைக்கின்றன. அந்த மென்மையான பகுதிகள் மிகவும் நசுங்கி மீளக்கூடியவை. இரும்புக்குரிய கணக்கு அவற்றுக்குச் செல்லாது. அவற்றுக்குப் பயன்படும் சூத்திரங்களில் ஒன்று மூனி–ரிவ்லின் சூத்திரம். ரிவ்லின் யார்? ரப்பர் தீர்வைப் பணத்தில் நடந்த கூடத்தில் ரப்பரின் இழுவையை ஆராய்ந்த அதே ரிவ்லின்தான். விடியுமுன் விளக்குக் கட்டிக்கொண்டு நம் பாட்டிமார் வெட்டிய பாலிலிருந்து கிடைத்த காசு, சுற்றிச் சுற்றி அவர்களுடைய பேத்தியின் இடுப்பைக் காக்கும் கணக்காக வந்து நிற்கிறது. அந்தக் கூடத்தின் ரப்பர் அறிவு வேறு வழியிலும் பயன்பட்டது. 1985இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடம், நில நடுக்கத்தைத் தாங்கும்படி 98 இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தப்பட்டது. ஒட்டுப்பால் பொறுக்கிய கைகளைப் பற்றி எந்தச் சூத்திரத்திலும் எழுதியிருக்காது. நம் பிள்ளைகளுக்கு நாமாவது சொல்லி வைக்க வேண்டும்.

கணினியின் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. அரிசி எப்படியோ அப்படித்தான் மாவு. எலும்பின் பலம் பற்றிக் கொடுக்கும் எண் தவறானால் விடையும் தவறாகும். ஆகவேதான் 1990களில் ஆராய்ச்சியாளர்கள், இறந்தோர் தானமாக அளித்த தொடை எலும்புகளை ஸ்கேன் செய்து, கணினியில் ஒரு விடையைக் குறித்துக்கொண்டு, பிறகு அதே எலும்புகளை இயந்திரத்தில் உண்மையாகவே முறித்து ஒப்பிட்டார்கள். இத்தகைய கணக்குகள் இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சியிலும், செயற்கை மூட்டு, எலும்புத் தகடு முதலியவற்றை வடிவமைப்பதிலும் பயன்படுகின்றன. சாதாரண நோயாளிக்குச் செய்வது எலும்பு அடர்த்திச் சோதனை. அது எளியது, வலியில்லாதது.

நாம் செய்யக்கூடியது என்ன? எங்கள் தாயாரின் இடுப்பு முறிவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, கையை ஊன்றி விழுந்ததில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, கூடியதும் மறந்துவிட்டோம். அதுதான் முதல் மணியோசை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், அதைத் தற்செயல் என்று விடாதீர்கள். எலும்பு அடர்த்திச் சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். மெலிவு நோய்க்கு மருந்து உண்டு. முதுகு கூனுவதும் உயரம் குறைவதும் கூட அடையாளங்களே. விழுந்தவர் காலை ஊன்ற முடியவில்லை என்றால் எண்ணெய் தேய்க்காதீர்கள், உருவிவிடாதீர்கள். அசைக்காமல் எக்ஸ்ரேக்குக் கொண்டு செல்லுங்கள்.

முள்ளோடு தின்னும் நெத்திலி, பால், கீரை, கொஞ்சம் வெயில், நாள்தோறும் நடை, இவை எலும்புக்கு உரம். எலும்பு பயன்படுத்தப் பயன்படுத்தவே தன்னைக் கட்டிக்கொள்ளும். புகையை விடுவது நலம். குளியலறை வாசலில் ஒரு விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத ஒரு ரப்பர் விரிப்பு. இவற்றுக்கு ஆகும் செலவு அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒன்றுமேயில்லை.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வினிகரில் ஊறிய கோழி எலும்பை வளைத்துப் பார்த்துக் கூச்சலிட்டு மகிழ்ந்தார்கள். மறுவாரம் ஒரு சிறுமி வந்து, "எங்க பாட்டிக்கும் போன வருஷம் கை ஒடஞ்சது டீச்சர், டெஸ்ட் எடுக்கணும்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் நாங்கள் காணத் தவறிய கீறலை அந்தப் பிள்ளை கண்டுவிட்டாள். கீறல் சிறிதாக இருக்கும்போதே கண்டால், விரிசலின் கணக்கை நம் பக்கம் திருப்பலாம்.